ஐவிஐஜி ஏறுகிறது, ஆனாலும் ஜியார்டியா போக மாட்டேன் என்கிறது

குகை மாமன்

வணக்கம். அக்கா பையன் விஷயமாக எழுதுகிறேன். எட்டு வயது, வீடு சேலம் குகையில். கைக்குழந்தையிலிருந்தே காதில் சீழ், நெஞ்சுச் சளி, நிமோனியா என்று ஆஸ்பத்திரி வாசம். கூடவே வயிற்றுப்போக்கு. ரத்தமோ சீதமோ இல்லை. வெளிறிப்போய், எண்ணெய் மிதக்க, நாற்றம் தாங்காமல் போகும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பிக்கொள்ளும். இரண்டு வகுப்பு கீழே படிக்கிற பிள்ளைகள் இவனை விட உயரம்.

மோஷன் டெஸ்டில் ஜியார்டியா என்ற குடல் கிருமி இருப்பதாக வந்தது. மெட்ரோனிடசோல் சிரப் கொடுத்தோம், நின்றது. அப்புறம் திரும்ப வந்தது. மறுபடி சிரப், மறுபடி வயிற்றால் போவது. ஒவ்வொரு முறையும் "வெளியில் வாங்கிக் கொடுத்தீங்களா, கை கழுவ வைக்கிறீங்களா" என்று அக்காவைத்தான் கேட்டார்கள். அவளும் பாவம், வீட்டில் பினாயில் ஊற்றி ஊற்றித் தேய்த்ததுதான் மிச்சம்.

கடைசியில் ஒரு டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் மேஜையில் பரப்பிப் பார்த்துவிட்டு, எல்எஃப்டி (ஈரலுக்கான ரத்தப் பரிசோதனை) தாளில் ஒரு வரியைப் பேனாவால் வட்டம் போட்டார். குளோபுலின் 1.2. அதுவரை அந்த வரியை யாரும் படித்ததாகவே தெரியவில்லை. ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் புரதங்கள் (ஆன்டிபாடி) மூன்றும் அடிமட்டம். அவற்றைச் செய்ய வேண்டிய பி செல் கிட்டத்தட்ட பூஜ்யம். ஜீன் டெஸ்டில் பிடிகே என்ற ஜீனில் கோளாறு. நோயின் பெயர் எக்ஸ் லிங்க்ட் அகாமாகுளோபுலினீமியா.

இப்போது மாதம் ஒரு தரம் ஐவிஐஜி, அதாவது மற்றவர்களின் ஆன்டிபாடியை நரம்பில் ஏற்றுகிறோம். நிமோனியா நின்றுவிட்டது, காது காய்ந்துவிட்டது. ஆனால் ஜியார்டியா மட்டும் மறுபடி வந்திருக்கிறது. எதிர்ப்புச் சக்தியைத்தான் பாட்டில் பாட்டிலாக ஏற்றுகிறோமே, அப்புறம் ஏன்?

வேப்பங்கொழுந்து

எங்கள் ஆத்தா வெள்ளிக்கிழமை தவறாமல் வேப்பங்கொழுந்தும் மஞ்சளும் அரைத்து உருட்டிக் கொடுப்பாங்க. வீட்டில் ஒருத்தருக்கும் பூச்சி கிடையாது. பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற பூச்சி மாத்திரையே போதும், இதற்கு ஏன் இவ்வளவு டெஸ்ட்?

ரவுண்ட்ஸ் முடிந்து

குழந்தை மருத்துவப் பிரிவில் வேலை. மேலே உள்ளதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் யாராவது அதையே செய்து பார்ப்பார்கள். பள்ளியில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுப்பது ஆல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே வேளை. அது உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழுவுக்கானது. ஜியார்டியா புழுவே இல்லை, ஒற்றைச் செல் உயிரி. அதே ஆல்பெண்டசோலை நாள் கணக்கில் கொடுத்தால் அதன் மேலும் வேலை செய்யும். ஒரு மாத்திரையில் அசையாது. வேப்பங்கொழுந்தைப் பற்றிச் சண்டைக்கு வரவில்லை. ஆனால் ஆன்டிபாடியே சுரக்காத குழந்தைக்கு அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

இப்போது மாமன் கேள்விக்கு வருகிறேன். நல்ல கேள்வி.

ஐவிஐஜி என்பது ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவைச் சேர்த்துப் பிரித்தெடுத்த ஐஜிஜி. ஐஜிஏ அதில் பேருக்குத்தான் இருக்கும். உள்ளே போன ஐஜிஜி ரத்தத்தில் சுற்றும், திசுக்களுக்குள் கசியும். நிமோனியாவுக்கும் காதுச் சீழுக்கும் காரணமான பாக்டீரியாக்களைப் பிடிக்க அது போதும். ஜியார்டியா இருக்கிற இடம் வேறு. முன்சிறுகுடலின் உட்பரப்பில், தன் உடம்பின் அடிப்பக்கம் இருக்கிற ஒட்டுத்தட்டை வைத்துப் பற்றிக்கொண்டு கிடக்கும். செல்லுக்குள் நுழையாது, ரத்தத்துக்குள்ளும் வராது. அங்கே அதை எதிர்க்க வேண்டியது குடல்சுவரில் உட்கார்ந்திருக்கிற பிளாஸ்மா செல்கள் சுரக்கிற ஐஜிஏ. அதைக் குடலின் உள்பக்கம் எடுத்துப்போய்க் கொட்டுவதற்கு குடல் உட்படலச் செல்களில் தனி ஏற்பி ஒன்று இருக்கிறது. ஐஜிஏவையும் ஐஜிஎம்மையும் அது ஏற்றிக்கொள்ளும், ஐஜிஜியை ஏற்றாது. உங்கள் பையனுக்குப் பி செல்லே இல்லாததால், அதிலிருந்து உருவாகிற பிளாஸ்மா செல்லும் குடல்சுவரில் இல்லை. பாட்டிலில் வருவது அந்த வேலையைச் செய்ய முடியாது. ஐவிஐஜி தொடங்கியதும் சிலருக்கு ஜியார்டியா அடங்குவது உண்டு. ஆனால் அதையே மருந்தாக நினைக்கக் கூடாது.

ஐஜிஏ மட்டும் குறைவாக இருக்கிறவர்களும் உண்டு. பலருக்கு அது தெரியவே தெரியாது. ஐஜிஎம் அந்த இடத்தை ஓரளவு நிரப்பிவிடுவதால் பெரிய தொந்தரவு வருவதில்லை. மூன்றும் போனால்தான் கதை மாறுகிறது. வயது வந்த பிறகு தலைகாட்டுகிற சிவிஐடி என்ற நோயிலும் இதே ஜியார்டியாத் தொல்லை உண்டு.

குகை மாமன்

நன்றி சார். அப்படியென்றால் வாழ்நாள் முழுக்க மெட்ரோனிடசோல்தானா? வாயில் இரும்பைச் சப்புகிற மாதிரி இருக்கிறதாம், பாதியைத் துப்பிவிடுகிறான்.

ரவுண்ட்ஸ் முடிந்து

துப்பிவிடுகிறான் என்பதை உங்கள் டாக்டரிடம் சொன்னீர்களா? மருந்து கேட்கவில்லை என்று எழுதப்படுகிற கேஸ்களில் சிலவற்றில் மருந்து வயிற்றுக்குள்ளேயே போயிருக்காது. டினிடசோல் என்றால் ஒரே வேளையோடு முடியும். நிட்டாசோக்சனைடு சிரப் இருக்கிறது, மூன்று நாள். அதற்கும் கேட்காவிட்டால் இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது, நாளைக் கூட்டுவது என்று வழி இருக்கிறது. அளவை இங்கே எழுத மாட்டேன். எடை பார்த்துப் போட வேண்டியது.

இன்னொன்று. சிகிச்சை முடிந்த பிறகு வயிற்றால் போவதெல்லாம் ஜியார்டியா ஆகாது. குடலின் உட்பரப்பில் உள்ள விரல் போன்ற உறிஞ்சிகள் நைந்துபோய்ப் பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கிற நொதி கொஞ்ச காலம் குறைந்திருக்கும். பால் குடித்ததும் வயிறு உப்பிப் போனால், சில வாரம் பாலை நிறுத்தித் தயிர், மோர் கொடுத்துப் பாருங்கள். இதைப் பார்க்காமல் மறுபடி மறுபடி மருந்து கொடுப்பது நடக்கிறது.

நுண்ணோக்கி

லேபில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. "மோஷன் டெஸ்ட் நார்மல்" என்ற தாளை அதிகம் நம்பாதீர்கள். ஜியார்டியாவின் உறைக்கூடுகள் (சிஸ்ட்) தினமும் வெளியே வராது. ஒரு நாள் கண்ணாடித் தகடு முழுக்க இருக்கும், மூன்றாம் நாள் ஒன்றுகூடக் கிடைக்காது. அதனால் நாள் விட்டு நாள் மூன்று மாதிரி கேட்கிறோம். ஜனங்கள் காலையில் எடுத்த ஒன்றையே மூன்று டப்பாவில் பிரித்துக் கொண்டுவருகிறார்கள். ஒரு தடவை கேட்டதற்கு, "மூணு டப்பா கொடுத்தீங்க, மூணிலும் இருக்கு" என்றார் ஒருவர். அவர் சொன்னதிலும் தப்பில்லை, நாங்கள்தான் சரியாகச் சொல்லவில்லை.

தண்ணீராகப் போகிற மாதிரியில் உயிரோடு நீந்துகிறதைப் பார்க்கலாம். பேரிக்காய் வடிவம், இரண்டு உட்கரு, காற்றில் இலை உதிர்கிற மாதிரி புரண்டு புரண்டு போகும். ஆனால் அரை மணிக்குள் கொண்டுவந்தால்தான். மேச்சேரியில் எடுத்துப் பஸ்ஸில் வந்து இறங்கி, டோக்கன் போட்டுக் கொடுக்கிறதற்குள் அது செத்துக் கரைந்திருக்கும். தாமதமாகும் என்றால் ஃபார்மலின் ஊற்றிய டப்பாவை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீந்துவது தெரியாது, கூடுகள் கெடாமல் இருக்கும். ஜியார்டியா ஆன்டிஜன் (கிருமியின் புரதம்) டெஸ்டும் பிசிஆரும் (கிருமியின் மரபுப்பொருளைத் தேடுவது) பெரிய லேப்களில் செய்கிறார்கள்.

முக்கியமானது இது. ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கிற எந்தப் பரிசோதனையும் இந்தக் குழந்தைகளுக்கு உதவாது. அவர்கள் உடம்பு ஆன்டிபாடி செய்யாது, அதனால் நெகட்டிவ் வரும். ஐவிஐஜி ஏற்றிய பிறகு பார்த்தால் கொடையாளியின் ஆன்டிபாடி பாசிட்டிவ் காட்டும். கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கு எடுக்கிற ரத்த டெஸ்ட் உட்பட இதே கதைதான். உயிரியையோ அதன் மரபுப்பொருளையோ நேரடியாகத் தேட வேண்டும்.

அஸ்தம்பட்டி அம்மா

நுண்ணோக்கி சொன்னதோடு நானும் ஒன்று சேர்க்கணும். என் பையனுக்கு இருப்பது வேறு வகை, ஹைப்பர் ஐஜிஎம். சிடி40 லைகண்ட் என்ற புரதம் வேலை செய்யாது. அவனுக்கும் வயிற்றால் போனது. மோஷன் டெஸ்ட் எடுத்தோம். நார்மல், நார்மல், நார்மல். எடை இறங்கிக்கொண்டே போனது, தொட்டுப் பார்த்தால் விலா எலும்பு தட்டியது. பிறகு கண் மஞ்சளானது. மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி வரைக்கும் போய்வந்தோம். வேறு ஊரில் காட்டியபோது "கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி இருக்கான்னு பார்த்தீங்களா" என்று முதல் கேள்வியே கேட்டார்கள். உள்ளூர் லேபில் கேட்டால், "நீங்க எழுதித் தரலையே, வழக்கமான டெஸ்டில் அது தெரியாதே" என்றார்கள். ஒரு வரி எழுதாததால் பித்தக்குழாய் வரைக்கும் ஏறிவிட்டது.

நுண்ணோக்கி

உண்மைதான் அக்கா. அது 4 முதல் 6 மைக்ரான்தான். சாதாரண சலைன், அயோடின் தகட்டில் ஈஸ்ட் என்று கடந்துபோய்விடுவோம். மாடிஃபைட் ஆசிட் ஃபாஸ்ட் சாயம் போட்டால் நீலப் பின்னணியில் சிவப்பு உருண்டையாகத் தெரியும். டிபி சளிக்குப் போடுகிற அதே சாயம்தான், அமிலம் மட்டும் மிதமானது. எந்த லேபிலும் அரை மணி வேலை. சீட்டில் எழுதியிருந்தால்தான் போடுவோம்.

ரவுண்ட்ஸ் முடிந்து

அம்மா சொன்னதைச் சேமித்து வையுங்கள். வயிற்றில் எது குடியேறுகிறது என்பதை வைத்தே, எதிர்ப்புச் சக்தியில் எந்தப் பகுதி இல்லை என்று ஓரளவு ஊகிக்கலாம். ஆன்டிபாடி இல்லை, டி செல் (எதிர்ப்புச் சக்தியில் இன்னொரு வகை வெள்ளணு) சரியாக இருக்கிறது என்றால் ஜியார்டியா. கிரிப்டோஸ்போரிடியம் குடல் செல்லின் மேலுறைக்குள் புகுந்துகொண்டு வாழ்வது. அதை விரட்ட டி செல்லும் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதமும் வேண்டும். டி செல் மற்ற செல்களைத் தட்டி எழுப்பப் பயன்படுத்துகிற பொருள்தான் சிடி40 லைகண்ட். அது இல்லாதபோது கிரிப்டோ உள்ளேயே தங்கிவிடுகிறது. பித்தக்குழாய்க்கு ஏறி அதைத் தழும்பாக்கி இறுக்குகிறது. வருஷக்கணக்கில் விட்டால் அங்கே புற்றுநோய் வரைக்கும் போகும். டாக்8 குறைபாடு, எம்எச்சி இரண்டாம் வகுப்புக் குறைபாடு, எஸ்சிஐடி ஆகிய பிறவி எதிர்ப்புச் சக்திக் கோளாறுகளிலும் இந்த ஆபத்து உண்டு. எல்லோருக்கும் வரக்கூடிய கிருமிதான் இது. 2013ல் வெளியான, கொல்கத்தாவையும் சேர்த்து ஏழு நாடுகளில் நடந்த பெரிய ஆய்வில், கைக்குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்குக்கு ரோட்டா வைரஸுக்கு அடுத்த காரணம் இதுதான் என்று தெரிந்தது. சாதாரணக் குழந்தைக்குக் கொஞ்ச நாளில் தானே நிற்கும்.

நிட்டாசோக்சனைடு கிரிப்டோவுக்கு அமெரிக்காவில் 2002ல் அனுமதி பெற்றது. ஆனால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடம் அது கேட்கும் என்று உறுதி சொல்ல முடியாது. நிரந்தரத் தீர்வு எலும்பு மஜ்ஜை மாற்றுதான். அதுவும் ஈரல் கெடுவதற்கு முன்னால். மாற்றுக்கு முன் மலத்தில் பிசிஆர் செய்து கிரிப்டோ இல்லை என்று பார்த்துக்கொள்வார்கள்.

எட்டு வயதுப் பையன் என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. 1952ல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் முதன்முதலில் இந்த நோயைக் கண்டுசொன்னதும் ஓர் எட்டு வயதுப் பையனிடம்தான். அவரும் ரத்தப் புரதத்தைப் பிரித்துப் பார்த்தபோதுதான் காமா குளோபுலின் இல்லாதது தெரிந்தது. பிடிகே ஜீன் கிடைத்தது 1993ல். மொத்தப் புரதத்திலிருந்து ஆல்புமினைக் கழித்தால் வருகிற அந்தக் குளோபுலின் எண், எல்லா எல்எஃப்டி தாளிலும் இலவசமாகவே இருக்கிறது. ஆல்புமின் சரியாக இருந்து குளோபுலின் மட்டும் 2க்குக் கீழே என்றால், ஐஜிஜி எழுதிக் கொடுங்கள் என்று யாரும் கேட்கலாம். இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் குடல் வழியாகப் புரதம் ஒழுகுகிறதா என்று வேறு திசையில் பார்க்கணும்.

மாமன், ஒரு கேள்வி. உங்கள் அம்மா வழியில் சின்ன வயதில் இறந்த ஆண் பிள்ளைகள் உண்டா?

குகை மாமன்

உண்டு சார். எனக்கு மூத்தவன் ஒருத்தன். இரண்டு வயதில் "சளி கட்டி" போய்விட்டான் என்று அம்மா சொல்லுவாங்க. பாட்டியின் தம்பி ஒருவரும் சிறுவனாகவே போனாராம். இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா? எங்கள் வீட்டில் அத்தை மகள், அக்கா மகள் என்று சொந்தத்திலேயே கட்டுகிற வழக்கம் உண்டு. அதனாலா?

ரவுண்ட்ஸ் முடிந்து

சொந்தத்தில் கட்டியது இதற்குக் காரணம் இல்லை. டாக்8, எஸ்சிஐடியில் பல வகைகள், எம்எச்சி குறைபாடு இவற்றில் அம்மா அப்பா இருவரிடமிருந்தும் கெட்ட பிரதி வரணும், அங்கே உறவுத் திருமணம் வாய்ப்பைக் கூட்டும். உங்கள் வீட்டுக் கோளாறு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்கள் சுமப்பார்கள், நோய் ஆண் பிள்ளைகளுக்கு வரும். அதனால் இந்த நோய்களைப் பொறுத்தவரை நாங்கள் முதலில் விசாரிப்பது தாய்மாமன்களைத்தான். நீங்கள் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்றால் உங்களிடம் அது இல்லை, உங்கள் பிள்ளைகளுக்கும் போகாது. அக்காவுக்குத் தங்கை இருந்தால், அவரும் சுமக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. பையனுடைய ஜீன் ரிப்போர்ட் கையில் இருப்பதால் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவு குறைவு. கல்யாணத்துக்கு முன்போ கர்ப்பத்துக்கு முன்போ பார்ப்பது நல்லது. அக்காவை யாராவது "உன்னால்தான்" என்று சொன்னால், மாமன் முறையில் நீங்கள்தான் வாயை அடைக்கணும்.

ஐவிஐஜி செலவுக்கு: 2021 தேசிய அரிய நோய்கள் கொள்கையில் இந்த நோய் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. சேலம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலோ அதைச் சொல்லி விசாரியுங்கள்.

காப்பிக்காடு

ஏற்காட்டில் இருக்கிறேன். நாகலூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்து ஊற்றுத் தண்ணீரை அப்படியே குடித்துத்தான் மூன்று தலைமுறை வளர்ந்தோம். கீழே சேலத்தில் சம்ப்பில் பிடித்து வைத்து நாள் கணக்கில் குடிக்கிற மேட்டூர் தண்ணீரை விட இது மேல். பையனை மலைக்கு அழைத்து வாருங்கள், உடம்பு தேறும்.

சூரமங்கலம் ஆர்ஓ

அண்ணா, தெளிவாக இருப்பதும் சுத்தமாக இருப்பதும் ஒன்றா? ஊற்றுக்கு மேலே மாடு மேய்கிறது, காட்டுப்பன்றி வருகிறது. மழைக்கு எல்லாம் இறங்கும். நான் ஃபில்டர் மாட்டுகிறவன், என் பொழைப்புக்காகச் சொல்லவில்லை. ஆர்ஓ ஜவ்வு சரியாக இருந்தால் இந்தக் கிருமிகள் தாண்டாது. ஜவ்வு கிழிந்தோ ரப்பர் வளையம் தளர்ந்தோ இருந்தால் தெரியாது. சர்வீஸ் பண்ணி மூன்று வருஷமான மெஷின்களைத் தினமும் பார்க்கிறேன். டேங்க்கைத் திறந்தால் வழுவழுவென்று பாசி. கேன் தண்ணீரில் எந்தக் கேனை எப்படிக் கழுவினார்கள் என்று யாருக்குத் தெரியும்.

காப்பிக்காடு

சரி, காய்ச்சிக் குடித்தால்? ஆனால் இங்கே சீக்கிரம் கொதித்துவிடும், சூடு பத்தாது என்பார்களே.

ரவுண்ட்ஸ் முடிந்து

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அங்கே தண்ணீர் 95 டிகிரி வாக்கில் கொதிக்கும். ஜியார்டியா, கிரிப்டோ இரண்டும் அதற்கு வெகு முன்பே செத்துவிடும். தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட்டால் போதும். 2,000 மீட்டருக்கு மேலேதான் மூன்று நிமிடம் சொல்கிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு நான் எழுதிக் கொடுப்பது காய்ச்சிய தண்ணீர்தான். ஃபில்டர் இருந்தாலும் காய்ச்சணும், பல் தேய்க்கவும் அதுதான்.

குளோரினை நம்ப வேண்டாம். ஜியார்டியாவையே அது நேரம் எடுத்துத்தான் கொல்லும், கிரிப்டோ அதற்கு மசியவே மசியாது. 1993ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் சுத்திகரித்துக் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் வழியாகவே சுமார் 4 லட்சம் பேருக்கு அது பரவியது. ரிசார்ட் நீச்சல் குளமும் இதே கணக்குதான். கையில் தேய்க்கிற சானிடைசரும் கிரிப்டோவைக் கொல்லாது. சோப்பு போட்டுக் கழுவித்தான் போகணும்.

குகை மாமன்

கடைசியாக ஒன்று, சிரிக்காதீங்க. பையனுக்குத் தட்டுவடை செட் என்றால் உயிர். சாயங்காலம் தள்ளுவண்டியைப் பார்த்தால் கையை இழுக்கிறான். அறவே கூடாதா?

அஸ்தம்பட்டி அம்மா

சேலத்துப் பிள்ளை வேறென்ன கேட்கும்! தட்டை எண்ணெயில் பொரித்தது, அதில் பயமில்லை. பயம் நடுவில் வைக்கிற பச்சைக் கேரட், பீட்ரூட், வெங்காயத் துருவலிலும், பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்த மல்லிச் சட்னியிலும்தான். வண்டியில் அந்தத் துருவல் மதியமே சீவி ஈரத்துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். நான் தட்டை மட்டும் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கி வருவேன். காயைக் காய்ச்சி ஆறின தண்ணீரில் கழுவித் தோல் சீவி, வீட்டிலேயே துருவி ஆவியில் ஒரு நிமிடம் காட்டி எடுப்பேன். சட்னியை அரைத்த பிறகு ஒரு கொதி விட்டு இறக்கிவிடுவேன். பச்சை நிறம் கொஞ்சம் மங்கும், என் பையன் முதலில் மூஞ்சியைச் சுளித்தான். இப்போது கேட்டு வாங்கித் தின்கிறான்.

காப்பிக்காடு

எங்கள் கொட்டகையில் இரண்டு கன்றுக்குட்டிக்குக் கழிச்சல். பையன் வந்தால் கன்றைத் தொடாமல் இருக்க மாட்டானே.

ரவுண்ட்ஸ் முடிந்து

கழிகிற இளங்கன்று கிரிப்டோவுக்கு முதல் சந்தேகம். மாமனுடைய அக்கா பையனுக்கு டி செல் இருக்கிறது, தொட்டாலும் சோப்புப் போட்டுக் கழுவினால் பெரிய பயமில்லை. இருந்தாலும் கழிச்சல் நிற்கும்வரை கொட்டகைப் பக்கம் வேண்டாம். அஸ்தம்பட்டி அம்மா பையனைப் போன்றவர்கள் மஜ்ஜை மாற்றிச் சிகிச்சை முழுக்க முடிகிற வரைக்கும் அந்தப் பக்கமே போகக் கூடாது.

குகை மாமன்

சரிங்க. திங்கள், புதன், வெள்ளி மூன்று டப்பா, சீட்டில் ஜியார்டியா ஆன்டிஜனோடு கிரிப்டோவுக்கும் சாயம் போடச் சொல்லி எழுதி வாங்குகிறேன். சின்ன அக்காவிடம் ஜீன் டெஸ்ட் பற்றி நானே பேசுகிறேன், அடுத்த மாதம் நிச்சயதார்த்தம் இருக்கிறது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அஸ்தம்பட்டி அம்மா

அம்மாவிடம் மூத்த பையனைப் பற்றி முதலில் கேளுங்க தம்பி. அவனுக்குக் காது வடிந்ததா, வயிற்றால் போனதா என்று. எங்கள் வீட்டில் கேட்டபோது, பதில் சொல்ல ஆரம்பித்ததும் அவங்களுக்கே புரிந்துவிட்டது.